ஊர் ஆற்றின் மணல் குவாரியை ஊர்மக்கள் கண்காணிக்க முடியுமா? ஒரு விரிவான பதில்

கொள்ளிடக் கரையில் உள்ள உங்கள் ஊருக்கு அருகே நீர்வளத் துறை மணல் குவாரி திறக்க இருப்பதாகவும், அதை முழுவதுமாகத் தடுக்க ஊரில் ஒற்றுமை இல்லாததால், விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கவாவது ஒரு குழு அமைக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய குழுவுக்குச் சட்டத்தில் இடம் உண்டா, அது எதைக் கவனிக்க வேண்டும், தவறு கண்டால் எங்கே முறையிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், தமிழ்நாட்டுச் சட்டம் பெயர் சொல்லி அப்படியொரு குழுவை ஏற்படுத்தவில்லை. ஆனால் அந்தக் குழு செய்ய வேண்டிய வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு சட்டத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: குவாரி திறக்கும் முன்பே ஆற்றை அளந்து எழுதி வைத்திருக்கும் ஊரின் புகாருக்கு எடை இருக்கும், அளக்காத ஊரின் புகார் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் மனுவாகவே நின்றுவிடும். ஆகவே இந்தப் பதிலில் சட்டத்தைவிட அளவைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் குவாரி யாருடையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2003 அக்டோபர் 2 முதல், தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் சேர்க்கப்பட்ட 38-ஏ விதியின்படி, ஆற்று மணலை அள்ளும் உரிமை அரசிடம் மட்டுமே இருக்கிறது. முன்பு பொதுப்பணித் துறையும் இப்போது நீர்வளத் துறையும் குவாரியை நடத்துகின்றன. சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் அத்துறையின் செயற்பொறியாளர். அனுமதிக் கடிதமும் அவர் பெயருக்கே வரும். களத்தில் நீங்கள் பார்க்கும் பொக்லைன்களும் ஆட்களும் மணலை அள்ளி ஏற்றித் தரும் ஒப்பந்ததாரருடையவை. எனவே நிபந்தனை மீறப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் செயற்பொறியாளரே தவிர, ஷெட்டில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கும் ஆள் அல்ல. ஊர்க்காரர்கள் பல மாதங்கள் அந்த ஆளிடம் வாதாடிவிட்டுக் களைத்துப்போவதுதான் வழக்கமாக நடக்கிறது. இந்த ஏற்பாட்டில் உள்ள அடிப்படைக் கோளாறையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றைக் காக்க வேண்டிய துறையே மணலை விற்கும் துறையாகவும் இருக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது என்று நான் ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். ஆனால் வேலிக்கும் பயிருக்கும் ஒரே காவல்காரர் என்றால் மூன்றாவது ஒரு கண் தேவைப்படுகிறது.

அந்த மூன்றாவது கண்ணைச் சட்டத்திலேயே எழுதி வைத்த மாநிலம் பக்கத்தில் இருக்கிறது. கேரளம் 2001-இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதை முறைப்படுத்துவதற்கும் தனிச் சட்டம் இயற்றியது. அதில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் வல்லுநர் குழுவும், மணல் எடுக்கும் ஒவ்வொரு கடவுக்கும் (ஆற்றுத் துறைக்கும்) உள்ளாட்சியைச் சார்ந்த கடவுக் குழுவும், மணல் வருவாயில் ஒரு பகுதி ஆற்றுக்கே திரும்பும் வகையில் நதி மேலாண்மை நிதியும், எந்த ஆற்றில் எவ்வளவு மணல் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் மணல் தணிக்கையும் இருந்தன. அந்தச் சட்டம் வந்ததால் கேரள ஆறுகள் பிழைத்துவிட்டன என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாரதப்புழையின் படுகையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கடவுக் குழுவே மணல் வருமானத்தை நம்பியிருந்தால், அள்ளுவதை நிறுத்தும் மனம் அதற்கு எளிதில் வராது. நீங்கள் அமைக்கும் குழுவில் குவாரியில் லாரி ஓட்டுபவர்களும், குவாரிக்குப் பாதை விட்டு வாடகை வாங்கும் நில உரிமையாளர்களும் பொறுப்பில் இருக்கக்கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

இனி காகிதங்கள். ஒரு மாவட்டத்தில் எந்த ஆற்றில், எந்த இடத்தில், எவ்வளவு மணல் எடுக்கலாம் என்பதற்கு அடிப்படை மாவட்ட ஆய்வறிக்கை. 2016 ஜனவரி 15 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, இதன் வரைவை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாட்கள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். அந்த 21 நாட்களைக் கவனிக்கும் ஊர்கள் மிகக் குறைவு. குவாரி திறந்த பிறகு நடக்கும் மறியலுக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அப்போது எழுதியிருந்தால் பல இடங்கள் பட்டியலிலேயே ஏறியிருக்காது. இந்த அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியது மீள்நிரப்பு ஆய்வு, அதாவது ஒரு மழைக்காலத்தில் ஆறு எவ்வளவு மணலைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது என்ற கணக்கு. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் வழக்கு ஒன்றில், மீள்நிரப்பு ஆய்வு இல்லாத மாவட்ட ஆய்வறிக்கையை வைத்து மணலுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. காவிரி, கொள்ளிடம் ஆகியவற்றுக்கு இந்த ஆய்வு மிகவும் பொருந்தும். மேட்டூர் அணை 1934 முதல் மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதியைத் தன்னிடமே நிறுத்திவிடுகிறது. கீழே நாம் அள்ளுவது பெரும்பாலும் பழைய இருப்பு. வடநாட்டு ஆற்றுக்குப் போட்ட சூத்திரத்தை அப்படியே எடுத்து, ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் நிரம்பும் என்று எழுதியிருந்தால் அந்த வரியிலேயே கை வையுங்கள்.

அடுத்தது சுரங்கத் திட்டமும் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதமும். அளவு எதுவாக இருந்தாலும், 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்பது தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27 அன்று சொன்னதிலிருந்து வந்த நிலை. அனுமதிக் கடிதம் மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். அதன் நகல் ஊராட்சிக்கும் அனுப்பப்பட வேண்டும். அது ஆங்கிலத்தில் பல பக்கங்கள் ஓடும். முழுவதையும் மொழிபெயர்க்க நேரம் இல்லையென்றால், புல எண்களும் எல்லைப் புள்ளிகளின் அட்சரேகை தீர்க்கரேகையும், அனுமதித்த ஆழம், மொத்தக் கன மீட்டர், காலம், எந்திரங்களின் எண்ணிக்கை, வேலை நேரம் ஆகியவற்றை மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ஊரில் எல்லோரும் 'ரொம்ப அள்ளுகிறார்கள்' என்று பேசுவதற்கும், 'ஒரு மீட்டர் என்று எழுதிவிட்டு இரண்டரை மீட்டர் தோண்டியிருக்கிறார்கள்' என்று பேசுவதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் தாளில்தான் தொடங்குகிறது.

உங்கள் குவாரி 5 ஹெக்டேருக்கு மேற்பட்டதாக இருந்தாலோ, 500 மீட்டருக்குள் இருக்கும் பிற குவாரிகளோடு சேர்ந்து அந்த அளவைத் தாண்டினாலோ, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து அதைக் கூட்டும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். அந்தக் குறிப்பில் உங்கள் கேள்வி இடம்பெறவில்லை என்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். உரத்த குரலில் பேசுவதைவிட, எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவது பின்னால் பயன்படும். சிறிய பரப்புகளாகப் பிரித்து விண்ணப்பித்துக் கூட்டத்தைத் தவிர்க்கும் வேலை பல இடங்களில் நடந்திருக்கிறது. ஆகவே மேலும் கீழும் உள்ள குவாரிகளின் தூரத்தையும் அளந்து பாருங்கள்.

இப்போது குழுவின் உண்மையான வேலைக்கு வருகிறேன். குவாரி எல்லைக்குள்ளும், அதற்கு மேலே அரை கிலோமீட்டரும் கீழே அரை கிலோமீட்டரும் ஆற்றின் குறுக்கே சில கோடுகளில் படுகை மட்டத்தை அளந்து வைக்க வேண்டும். பக்கத்தில் உள்ள பாலிடெக்னிக்கில் சர்வே பாடம் நடத்தும் ஒருவரும் அவரிடம் உள்ள டம்பி லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவியும் போதும். இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும். அளப்பதற்கு ஆதாரப் புள்ளியாகப் பாலத்தின் தூண் பீடத்தையோ கோயில் படித்துறையின் கல்லையோ வைத்துக்கொள்ளுங்கள். பொக்லைன் பிடுங்கிப்போடக்கூடிய எல்லைக் கல்லை நம்பக்கூடாது. அளவெடுக்கும்போது கிராம நிர்வாக அலுவலரை அழையுங்கள். அவர் வரவில்லை என்றாலும், அழைத்த கடிதத்தின் நகல் இருக்கட்டும். அளவுத் தாளில் அளந்தவர், உடனிருந்தவர்கள், தேதி ஆகியவற்றோடு கையெழுத்து வாங்கி, ஒரு நகலைச் செயற்பொறியாளருக்கும் ஒன்றை ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். குவாரி திறக்கும் முன்னரே அந்தத் தபால் சேர்ந்திருப்பதுதான் பின்னாளில் உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய ஆதாரம். எனக்குத் தெரிந்து, இதைச் செய்த ஊர்களில் ஒப்பந்ததாரர்களின் போக்கே கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஆழத்தின் மேல் ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், ஆற்றுக்கு நேரும் கேடு பெரும்பாலும் ஆழத்திலிருந்தே வருகிறது. ஓரிடத்தில் படுகை பள்ளமானால், அடுத்த வெள்ளத்தில் அந்தப் பள்ளத்தின் மேல்விளிம்பு அரிந்துகொண்டு ஆற்றின் மேற்புறமாக நகரும். கீழ்ப்புறமோ மணல் கிடைக்காத நீர் கரையையும் படுகையையும் அரிக்கும். ஆகவே குவாரி ஓரிடத்தில் இருந்தாலும் பாதிப்பு அங்கேயே நிற்பதில்லை. படுகை இறங்கினால் அதைச் சார்ந்த நிலத்தடி நீர்மட்டமும் இறங்கும். பாசன வாய்க்காலின் தலைமதகு இருந்த மட்டத்திலேயே இருக்க, ஆறு மட்டும் கீழே போய்விடுவதால், ஆற்றில் தண்ணீர் ஓடும்போதே வாய்க்காலில் ஏறாத நிலை வரும். பாலாற்றில், படுகை மணலில் ஊறும் நீரைக் கொண்டுபோகும் ஊற்றுக்கால்களை நம்பியிருந்த ஊர்கள் இதை நன்றாக அறியும். கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் உப்புநீர் உள்ளேறுவதற்கும் இது துணைபோகிறது. கரடுமுரடான மணலில் கன அளவில் ஏறக்குறைய கால் பங்குக்கு நீர் தங்கி வடியும் என்று வைத்துக்கொண்டால், 5 ஹெக்டேரில் ஒரு மீட்டர் மணலை எடுப்பது, ஒவ்வொரு முறை ஆறு ஓடும்போதும் சேர்ந்திருக்கக்கூடிய ஒரு கோடி லிட்டருக்கும் அதிகமான நீரின் இடத்தை எடுப்பதாகும்.

இதைக் கருவி இல்லாமலும் பார்க்கலாம். உங்கள் பகுதியில் ஆற்றுக்குள் குடிநீர்த் திட்டத்தின் உறைகிணறு இருக்கும். முன்பு மணலுக்கு மேலே எத்தனை உறை தெரிந்தது, இப்போது எத்தனை தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெளிச்சுவரில் பெயிண்டால் அடிக்கோல் போட்டு, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். படுகை இறங்க இறங்க அந்தக் கிணறு கோபுரம் போல உயர்ந்து நிற்கும். பாலத்தின் தூணுக்கும் இதே முறை. இங்கே ஒரு விதியையும் நினைவில் வையுங்கள்: பாலங்கள், குடிநீர்த் திட்டங்கள், உறைகிணறுகள், நீரேற்று அமைப்புகள் ஆகியவற்றிலிருந்து 500 மீட்டர் சுற்றளவுக்குள் மணல் எடுக்கத் தமிழ்நாட்டு விதிகள் தடை விதிக்கின்றன. ஆகவே உங்கள் ஊர்க் குடிநீர்க் கிணறு எங்கே இருக்கிறது என்பதே சில சமயம் குவாரியின் எல்லையைத் தீர்மானிக்கும். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு கண்காணிப்பு வழிகாட்டுதல்களோ, ஆழம் மூன்று மீட்டரையோ நீர்மட்டத்தையோ, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது என்கின்றன. மழைக்காலத்தில் அள்ளக்கூடாது என்றும் சொல்கின்றன. உங்கள் அனுமதிக் கடிதத்தில் இதைவிடக் குறைந்த ஆழம் இருந்தால் அதுவே பொருந்தும்.

2018 ஆகஸ்டில் திருச்சியில், திருவானைக்காவலுக்கும் நம்பர் 1 டோல்கேட்டுக்கும் இடையே கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன; சில நாட்களில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. இரண்டுக்கும் மணல் எடுத்ததுதான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கட்டுமானங்களின் வயதும் வெள்ளத்தின் வேகமும் பராமரிப்பும் கணக்கில் வர வேண்டும். ஆனால் அந்த விவாதம் இன்றுவரை முடியாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அந்தந்த இடத்தில் ஆண்டுக்கு ஆண்டு படுகை எவ்வளவு இறங்கியது என்று எல்லோரும் நம்பக்கூடிய பொது அளவு எவர் கையிலும் இல்லை என்பதுதான்.

இரண்டாவது கணக்கு லாரிக் கணக்கு. மணல் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். உதாரணத்துக்கு, 5 ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு அனுமதி என்று வையுங்கள். மொத்தம் 50,000 கன மீட்டர். சுமார் 17,650 யூனிட். மூன்று யூனிட் லாரி என்றால் சுமார் 5,900 லோடு. நாளுக்கு 100 லோடு போனால் இரண்டு மாதத்துக்குள் அனுமதித்த மணல் தீர்ந்துவிட வேண்டும். நாளுக்கு 300 லோடு போவதை நீங்கள் எண்ணினால், இருபது நாளில் தீர்ந்திருக்க வேண்டிய குவாரி ஆறாவது மாதமும் எப்படி நடக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. எண்ணுவதற்கு ஆற்றுக்குள் இறங்கத் தேவையில்லை. பொதுச் சாலையில், டீக்கடை வாசலில் உட்கார்ந்து, தேதி, நேரம், எத்தனைச் சக்கர வண்டி என்று கோடு போட்ட நோட்டில் எழுதினால் போதும். எல்லா நாளும் எண்ண வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள், அதிலும் ஒன்று இரவு சேர்ந்த முழு நாளாக இருந்தால் நல்லது. பத்துச் சக்கர, பன்னிரண்டு சக்கர டிப்பர்கள் மூன்று யூனிட்டைவிட அதிகமாக ஏற்றும் என்பதால் உங்கள் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும்; அது உங்களுக்கு நல்லதுதான், மிகைப்படுத்தினீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

குவாரிக்கும், மணலைக் குவித்து விற்கும் யார்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் தனிக் கவனம் வையுங்கள். ஆற்றில் அள்ளிய மணல் யார்டில் சேர்ந்து, அங்கிருந்து சீட்டோடு வெளியே போவதாகவே கணக்கு எழுதப்படும். யார்டுக்கே வராமல் ஆற்றிலிருந்து நேராகச் சாலையேறும் லாரி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை தமிழ்நாட்டின் மணல் குவாரிகளிலும் யார்டுகளிலும் சோதனை நடத்தியபோது, கான்பூர் ஐஐடியைக் கொண்டு குவாரிப் பள்ளங்களை அளக்கச் செய்து, எடுத்த மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய் என்றும் அரசுக் கணக்கில் காட்டப்பட்ட வருவாய் 36.45 கோடி மட்டுமே என்றும் நீதிமன்றத்தில் கூறியது. இது அத்துறையின் குற்றச்சாட்டு. ஒப்பந்ததாரர்கள் மீதான நடவடிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சட்ட அடிப்படையில் ரத்து செய்துவிட்டது. நான் அதை இங்கே சொல்வது வேறு காரணத்துக்காக: பதிவேடு என்ன சொன்னாலும் பள்ளத்தின் கன அளவு தனியே சாட்சி சொல்லும். மழை வந்து பள்ளம் மூடும் முன் அதை அளந்திருக்க வேண்டும், அவ்வளவே.

செயற்கைக்கோள் படங்களையும் பயன்படுத்தலாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படங்கள் இலவசம். ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் என்பதால் ஆழம் தெரியாது. ஆனால் எல்லை தாண்டி எவ்வளவு தூரம் தோண்டியிருக்கிறார்கள், ஆற்றின் குறுக்கே மண்பாதை போட்டு நீரோட்டத்தை மறித்தார்களா என்பது நன்றாகத் தெரியும். கல்லூரியில் படிக்கும் ஊர்ப்பிள்ளை ஒருவரிடம் இதை ஒப்படைத்துவிடுங்கள்.

நீரைப் பற்றிய பதிவுக்கு என் பரிந்துரை சற்று வித்தியாசமானது. ஊராட்சியின் மோட்டார் ஆபரேட்டரைக் குழுவில் சேருங்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்ப மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டியிருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கோடையில் 60,000 லிட்டர் தொட்டி நிரம்ப நான்கு மணி நேரம் ஆனது, அடுத்த கோடையில் ஏழு மணி நேரம் ஆகிறது, நடுவில் காற்று இழுத்து மோட்டாரை நிறுத்த வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு மேல் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. அவர் தினமும் நேரத்தைக் குறித்து வைக்கும் நோட்டு, மின்வாரிய மீட்டர் அளவோடு சேர்ந்தால், அலுவலர்கள் எளிதில் தள்ளிவிட முடியாத சாட்சியம். இதோடு ஆற்றிலிருந்து வெவ்வேறு தூரத்தில் உள்ள பத்துக் கிணறுகளில் கயிறும் எடைக்கல்லும் கொண்டு மாதம் ஒருமுறை மட்டம் அளங்கள். ஆற்றுக்கு வெகுதூரத்தில் இரண்டு கிணறுகளாவது இருக்க வேண்டும். மழை குறைந்ததால் எல்லாக் கிணறும் இறங்கியதா, ஆற்றோரக் கிணறுகள் மட்டும் இறங்கினவா என்று பிரித்துச் சொல்ல அவையே உதவும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கும் கிணறுகளில் ஒன்று அருகில் இருந்தால் அந்த எண்களோடு உங்களுடையவற்றை ஒப்பிடுங்கள்.

உள்ளே சென்று பார்க்க உரிமை உண்டா என்ற கேள்விக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பதில் தருகிறது. பலர் அதைக் காகிதம் கேட்கும் சட்டமாக மட்டுமே நினைக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2-இல், ஆங்கிலத்தில் 2(ஜே) என்று வரும் வரையறையைப் பாருங்கள். பணிகளை நேரில் ஆய்வு செய்வதும், பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறுவதும் தகவல் உரிமையில் அடங்கும். குவாரி நீர்வளத் துறையின் பணி. ஆகவே பத்து ரூபாய் முத்திரை ஒட்டிய மனுவில், குறிப்பிட்ட தேதியில் பணியிடத்தையும் வண்டிப் பதிவேட்டையும் ஆய்வு செய்ய அனுமதி கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அத்துடன், அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அளிக்க வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைகளையும் கேளுங்கள். அவை பொது ஆவணங்கள். 'நிபந்தனை பின்பற்றப்படுகிறது' என்று நாற்பது வரிகளுக்கும் ஒரே பதிலை எழுதிய அறிக்கைக்குப் பக்கத்தில் உங்கள் அளவுத் தாளை வைத்தால் அடுத்த வேலை பாதி முடிந்தது.

முறையிடும் வழியில் பலர் கிராமசபையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்க வேண்டும். அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், உங்களுக்குப் பொருத்தமானது. குழு அமைப்பதையும் அதன் உறுப்பினர் பெயர்களையும் தீர்மானமாக்குங்கள். ஆனால் கிராமசபைக்குக் கூடுதல் அதிகாரம் உள்ள, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் தமிழ்நாட்டில் இல்லை. எனவே குவாரியை நிறுத்தும் அதிகாரம் தீர்மானத்துக்குத் தானாக வந்துவிடாது. அளவுகளோடு கூடிய புகாரைச் செயற்பொறியாளர், கனிமவளத் துறை உதவி இயக்குநர், கோட்டாட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளர், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் ஆகியோருக்கு ஒரே நாளில் அனுப்புங்கள். கோரிக்கையைச் சுருக்குங்கள்: 'இன்ன தேதியில் எங்கள் முன்னிலையில் கூட்டு அளவீடு செய்ய வேண்டும்.' 'குவாரியை மூடு' என்ற மனுவுக்குப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வரும். கூட்டு அளவீடு கேட்கும் மனுவை மறுக்க அவர்கள் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. காலக்கெடுவில் கவனம் தேவை. சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்ப்பதானால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். நிபந்தனை மீறல் பற்றிய மனுவுக்கு ஆறு மாதம். காவல் நிலையத்தில், 'கனிமச் சட்டத்தில் அதிகாரிதான் புகார் தர முடியும்' என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடும். கனிமச் சட்டத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அனுமதியின்றி ஆற்று மணலை எடுப்பது திருட்டுக் குற்றமுமாகும், அதற்குத் தனியே வழக்குப் பதியலாம் என்று சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாக்கிவிட்டது.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டத்தில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே அந்த நிலை. ஆகவே லாரியை மறிப்பது, சாவியைப் பிடுங்குவது, இரவில் தனியாக ஆற்றில் இறங்கிப் படம் எடுப்பது எதுவும் குழுவின் வேலை அல்ல. மனுக்கள் ஒருவர் பெயரில் போகக்கூடாது. ஐந்தாறு பேர், முடிந்தால் பெண்கள் பாதிப் பேர், கையெழுத்திட வேண்டும். பதிவுகளின் நகல் ஊருக்கு வெளியே ஒருவரிடமாவது இருக்கட்டும். மிரட்டலைவிட அதிகம் வேலை செய்வது நன்கொடைதான். கும்பாபிஷேகத்துக்கு இவ்வளவு, விளையாட்டு மன்றத்துக்கு இவ்வளவு என்று பணம் வரும்போது ஊர் இரண்டாகும். குழு எந்த வடிவிலும் பணம் பெறாது என்பதை முதல் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். மாட்டுவண்டித் தொழிலாளர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கையால் அள்ளுவதும் பொக்லைன் அள்ளுவதும் ஒன்றல்ல. அவர்களுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையை நீங்களே முன்வைத்தால், ஆற்றை நாள்தோறும் பார்க்கும் கண்கள் உங்கள் பக்கம் வரும்.

குவாரிக் காலம் முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். அப்போதுதான் குழுவுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஆற்றின் குறுக்கே போட்ட மண்பாதையை எடுத்தார்களா, கரையை வெட்டி இறக்கிய வழியை மூடினார்களா, பள்ளங்களைச் சமன் செய்தார்களா என்று பார்த்து, மழைக்கு முன் ஒருமுறையும் மழை ஓய்ந்து ஆறு வடிந்த பிறகு ஒருமுறையும் அதே கோடுகளில் மீண்டும் மட்டம் எடுங்கள். மணல் எவ்வளவு திரும்பி வந்தது என்ற எண் அப்போது உங்கள் கையில் இருக்கும். அடுத்த மாவட்ட ஆய்வறிக்கையின் வரைவு 21 நாள் கருத்துக்கு வரும்போது அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர் எல்லை மறுபடியும் பட்டியலில் இடம்பெறுமா என்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் முடிவாகும்.